சேலம் மாநகராட்சிச் சேவைகள் போனில்: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலத்தில் குகை என்கிற பகுதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் வரி கட்டித் தருவது, சான்றிதழ் எடுத்துத் தருவது, புகார் பதிந்து தருவது என்று பாதி நாள் மாநகராட்சி வேலையாகவே போகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வீட்டு வரிக்காரர்கள் வருவார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் பிறப்புச் சான்றிதழ் தேடிப் பெற்றோர் வருவார்கள். மழை பிடித்துவிட்டால் சாக்கடையும் தெருவிளக்கும்தான். கூட்டம் நிற்கும்போது அரைகுறையாகச் சொல்லி அனுப்பிய பதில்களை இங்கே முழுதாக எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

ஸ்மார்ட் சிட்டி, ஸ்மார்ட் சிட்டின்னு போர்டு வெச்சிருக்காங்களே, அது என்னங்க?

மத்திய அரசு 2015 ஜூனில் தொடங்கிய திட்டம். நாடு முழுக்க 100 நகரங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சேலம் 2016 செப்டம்பர் பட்டியலில் வந்தது. மதுரை, தஞ்சாவூர், வேலூர் மூன்றும் அதே பட்டியல்தான். ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி ரூபாய் வரை கொடுக்கும், மாநிலத் தரப்பிலிருந்து அதே அளவு போட வேண்டும் என்பது அப்போதைய கணக்கு. வேலையை நடத்த சேலம் ஸ்மார்ட் சிட்டி லிமிடெட் என்று தனி நிறுவனம் அமைத்தார்கள்.

நம் கண்ணில் படுவது கட்டடங்கள். பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் 2023-ல் திறந்த ஈரடுக்குப் பேருந்து நிலையம் அப்படி வந்ததுதான். கண்ணில் படாத பகுதி ஒன்றும் இருக்கிறது. தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி, குப்பை வண்டி, கேமரா இவற்றிலிருந்து தகவல்களை ஓரிடத்துக்கு வரவழைத்து, அங்கே ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிற ஏற்பாடு அது. கட்டளை மற்றும் கட்டுப்பாட்டு மையம் என்பார்கள். இந்தத் திட்டத்தில் இருந்த 100 நகரங்களிலும் இப்படி ஒரு மையம் உண்டு.

வரி கட்டுவதும் பிறப்புச் சான்றிதழ் எடுப்பதும் இந்தத் திட்டத்தில் வந்தவை அல்ல. அவை தமிழ்நாடு முழுவதற்குமான இணையதளங்கள். நம் ஆட்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்மார்ட் சிட்டி என்றே சொல்வதால், இங்கேயும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்தத் திட்டம் முடிஞ்சு போச்சாமே? அப்ப எல்லாத்தையும் மூடிருவாங்களா?

மத்திய அரசின் திட்டக் காலம் 2025 மார்ச் 31-உடன் முடிந்தது. அதற்காக எதையும் மூட வேண்டியதில்லை. கட்டியதையும் வாங்கியதையும் இனி உள்ளூரில்தான் பராமரிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எனக்குக் கவலை அந்த இடத்தில்தான். சென்சார் என்றால் பேட்டரி மாற்ற வேண்டும், சிம் கார்டுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டும், மென்பொருளுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போட வேண்டும். பட்ஜெட்டில் இதற்கென்று தனியாகப் பணம் ஒதுக்கவில்லையென்றால் நாலு வருடத்தில் எல்லாம் சுவரில் தொங்கும் பெட்டியாகிவிடும். கவுன்சிலரைப் பார்த்தால் புதிதாக என்ன வரப்போகிறது என்று கேட்பதோடு, இருப்பதைப் பராமரிக்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

வீட்டு வரியை போன்லயே கட்டலாங்களா? ஆபீஸ்ல கட்டுனாத்தான் கணக்குல ஏறும்ங்கிறாங்களே?

கட்டலாம். அலுவலகக் கவுன்ட்டரில் கட்டினாலும் போனில் கட்டினாலும் ஏறுவது ஒரே கணக்கில்தான். தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கெல்லாம் பொதுவான இணையதளம் இருக்கிறது. அதில் உங்கள் வரிவிதிப்பு எண்ணைப் போட்டால் பெயரும் பாக்கியும் வரும். பெயரையும் கதவு எண்ணையும் சரிபார்த்த பிறகே பணம் கட்டுங்கள். ஓர் எண் மாறினால் அடுத்த வீட்டு வரியை நீங்கள் கட்டியதாகிவிடும்.

வரி அரையாண்டுக் கணக்கு: ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை கழிப்பார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதமானால் மாதம் 1 சதவீதம் கூடும். 2023-ல் வந்த நகர்ப்புற உள்ளாட்சி விதிகள்படி இது. ஆகவே ஏப்ரல் மாதமே கட்டுகிறவர்களுக்குப் பணம் மிச்சம். இதைச் சொன்னதும் "ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?" என்று கேட்காதவர் இல்லை.

பணம் போயிருச்சு, ரசீது வரல. மறுபடி கட்டவா?

உடனே கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மறுநாள் அதே வரிவிதிப்பு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்குப் பாக்கி குறைந்திருக்கும், ரசீதும் வந்திருக்கும். ஏறாமல் நின்றுவிட்ட யூபிஐ பணத்தை வங்கி 5 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே சொல்லியிருக்கிறது. இதைச் சொல்லி வங்கியில் எழுத்தில் கேளுங்கள்.

"வரி பாக்கி, இன்னிக்கு நைட்டு குடிதண்ணி இணைப்பு துண்டிப்பு"ன்னு மெசேஜ் வந்துச்சு. லிங்க் இருக்கு, அமுக்கலாமா?

அமுக்க வேண்டாம். மாநகராட்சி நோட்டீஸ் கொடுக்காமல் ராத்திரியோடு ராத்திரியாக இணைப்பைத் துண்டிப்பதில்லை. சந்தேகம் இருந்தால், வீட்டு வரிக் கேள்வியில் சொன்ன இணையதளத்தை நீங்களே திறந்து பாக்கியைப் பாருங்கள், வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள். ஏற்கெனவே அமுக்கிப் பணம் போயிருந்தால் அடுத்த நிமிடமே 1930-க்குக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அந்த அளவுக்குப் பணத்தைப் பாதி வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

பாப்பாவோட பிறப்புச் சான்றிதழுக்குக் கோட்டை ஆபீஸுக்குத்தான் போகணுமா?

கோட்டைப் பகுதியில் இருக்கும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போகப் பெரும்பாலும் தேவையில்லை. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை மருத்துவமனையே பதிய அனுப்பிவிடும். 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் இல்லை. பதிவானதும் மாநிலத்தின் பிறப்பு இறப்புப் பதிவு இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். கியூஆர் குறியீடு அச்சாகியிருக்கும். அதுவே அசல், முத்திரை கேட்டு அலைய வேண்டாம். பழைய பதிவுகளில் பல இணையத்தில் ஏறியிருக்காது. அதற்கு மட்டும் நேரில் போக வேண்டியிருக்கும்.

எல்லோரும் தடுமாறுகிற இடம் ஒன்று உண்டு. குழந்தை எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு, எங்கே குடியிருக்கிறோமோ அங்கே இல்லை. ஏற்காட்டுக்காரர் குழந்தை சேலம் அரசு மருத்துவமனையில் பிறந்தால் சேலத்தில்தான் பதிவாகியிருக்கும். இன்னொன்று, பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் 12 மாதத்துக்குள் இலவசமாகச் சேர்க்கலாம், அதன் பிறகு கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்று சட்டம் மாறிவிட்டது. ஆகவே பெயரின் எழுத்துக்களை இன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள். தமிழில் ஓர் எழுத்து, ஆங்கிலத்தில் ஓர் எழுத்து பிசகி, பள்ளிக்கூட வாசலில் நின்று அழுத தாய்மார்களை நான் பார்த்திருக்கிறேன்.

தெரு லைட் நாலு நாளா எரியல. கம்பத்துல நம்பர் இருக்கே, அது எதுக்கு?

அந்த எண்தான் விளக்கின் முகவரி. "மாரியம்மன் கோயில் தெருவில் லைட் எரியவில்லை" என்று மட்டும் எழுதினால், சேலத்தில் அந்தப் பெயரில் எத்தனை தெரு இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கம்ப எண்ணும் வார்டு எண்ணும் இருந்தால் ஏணியோடு வருகிறவர் நேராக அங்கே வருவார். மாநகராட்சியில் மொத்தம் 60 வார்டு, சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று 4 மண்டலம். உங்கள் வார்டும் மண்டலமும் வரி ரசீதிலேயே இருக்கும்.

"எல்லாம் கம்ப்யூட்டர்ல தெரியும்னாங்களே, நான் எதுக்குச் சொல்லணும்?" என்று அடுத்த கேள்வி வரும். நியாயமான கேள்வி. தெருமுனையில் சாம்பல் நிறத்தில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் அதன் பக்கத்தில் நின்றால் உள்ளே "டக்" என்று சத்தம் கேட்கும், வரிசையாக விளக்குகள் எரியத் தொடங்கும். தானாக ஏற்றி அணைக்கிற பெட்டி அது. அதில் சிம் கார்டு போட்டிருந்தால், அந்த வரிசை முழுக்க எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று மையத்துக்குச் சொல்லும். தெருவே இருண்டுவிட்டால் உடனே தெரிந்துவிடும். முப்பது விளக்கில் ஒன்று மட்டும் போனால் மின்சாரக் கணக்கில் வித்தியாசம் மிகச் சின்னது, அது பெட்டிக்குப் புரியாது. அந்த ஒற்றை விளக்கை நாம்தான் சொல்ல வேண்டும்.

கம்பம் பெரும்பாலும் மின்வாரியத்துடையது, விளக்கு மாநகராட்சியுடையது. கம்பி அறுந்து தொங்கினாலோ பொறி பறந்தாலோ அது மின்வாரிய வேலை. மின்னகம் எண் 94987 94987, எந்நேரமும் எடுப்பார்கள்.

புகார் போட்டேன். "முடிக்கப்பட்டது"ன்னு மெசேஜும் வந்திருச்சு. ஆனா ஒண்ணுமே நடக்கலீங்க!

கடையில் அதிகம் கேட்பது இதுதான். கேட்பவர்கள் முகத்தில் கோபத்தைவிட வருத்தம்தான் இருக்கும். சில வருடம் முன்னால் வேறோர் ஊரில் குடியிருந்தபோது எனக்கும் இது நடந்தது. வீட்டு முன்னால் சாக்கடை அடைத்து நின்றது. ஆப்பில் புகார் போட்டேன். மூன்றாம் நாள் "முடிந்தது" என்று வந்தது, கூடவே சுத்தமான ஒரு சாக்கடையின் படம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓரத்தில் நீல நிறக் கதவு ஒன்று தெரிந்தது. எங்கள் தெருவில் நீலக் கதவு கிடையாது. அந்தப் படத்தோடு என் வாசல் படத்தையும் தேதியோடு எடுத்து, பழைய புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி அனுப்பினேன். இரண்டு நாளில் ஆள் வந்து அடைப்பு எடுத்தார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? புகாரை இத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று கணினியில் கெடு இருக்கும். கெடு தாண்டினால் மேலதிகாரியின் திரையில் சிவப்பாகக் காட்டும். களத்தில் ஆள் பற்றாக்குறை, அடைப்பு எடுக்கும் வண்டி வேறு வார்டில் நிற்கும். சிவப்பைத் தவிர்க்க முடித்துவிடுவது எளிதாகிவிடுகிறது. வேறு காரணமும் உண்டு: புகார் தவறான பிரிவுக்குப் போயிருந்தால் "எங்களுடையது இல்லை" என்று முடித்துவிடுவார்கள். இதைச் சரிசெய்ய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். புகார் கொடுத்தவரே "ஆமாம், முடிந்தது" என்று சொன்ன பிறகுதான் கணக்கு முடிய வேண்டும். எந்த மாநகராட்சியும் இதைச் செய்யலாம், கூடுதல் செலவும் அதிகம் இல்லை.

அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது: புகார் எண்ணைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். இடத்தைப் படம் எடுக்கும்போது போனில் லொகேஷன் போட்டு எடுங்கள். பொய்யாக முடித்திருந்தால் அதே எண்ணோடு மறுபடி திறக்கச் சொல்லுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் முதலமைச்சரின் உதவி மையம் 1100. அங்கே சொல்லும்போதும் பழைய எண்ணைச் சொல்லுங்கள், இல்லையென்றால் புதுப் புகாராக எடுத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

குழியைப் பத்திச் சொன்னா "அது எங்க ரோடு இல்ல"ங்கிறாங்க. அப்ப யார் ரோடுங்க?

நகருக்குள்ளேயே மூன்று விதமான ரோடு இருக்கிறது. தெருக்களும் உள்சாலைகளும் மாநகராட்சி. பெரிய சாலைகளில் பல மாநில நெடுஞ்சாலைத் துறை. பைபாஸ் தேசிய நெடுஞ்சாலை. நெடுஞ்சாலைத் துறைக்கு "நம்ம சாலை" என்று தனி ஆப் 2023-ல் வந்தது, குழியைப் படம் எடுத்து அதில் போடலாம். யாருடையது என்றே தெரியவில்லை என்றால் 1100-க்குச் சொல்லுங்கள், எந்தத் துறைக்கு அனுப்புவது என்று பார்ப்பது அவர்கள் வேலை. குழியில் விழுந்தவர் யார் ரோடு என்று பார்த்தா விழுந்தார்?

நான் இருக்கிறது கன்னங்குறிச்சி. எங்க சித்தப்பா ஏற்காடு. இதெல்லாம் எங்களுக்கும் உண்டா?

கன்னங்குறிச்சி மாநகராட்சியை ஒட்டியே இருந்தாலும் தனிப் பேரூராட்சி. வரி கட்டுகிற இணையதளம் பேரூராட்சிகளுக்கும் சேர்த்துத்தான், ஊர் பெயரை மட்டும் மாற்றித் தேர்ந்தெடுங்கள். குப்பை, விளக்குப் புகார் பேரூராட்சிக்குப் போக வேண்டும். மாநகராட்சி ஆப்பில் போட்டால் "எல்லைக்கு வெளியே" என்று முடிந்துவிடும்.

உங்கள் சித்தப்பா இருக்கிற இடம் கிராம ஊராட்சியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிராம ஊராட்சிகளுக்கு வரி கட்ட வேறு இணையதளம். பிறப்புச் சான்றிதழுக்கு மேலே சொன்னதைப் பாருங்கள். மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய. அவர் ஏதாவது வேலையாகக் கீழே இறங்கும்போது ஆவணங்களைக் கையோடு எடுத்து வரச் சொல்லுங்கள், எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்.

குப்பை வண்டிக்கு ஜிபிஎஸ், எங்க வீட்டுச் சுவத்துல கட்டம் கட்டமா ஸ்டிக்கர். எதுக்குங்க இது?

ஜிபிஎஸ் வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போனது என்று காட்டும். ஸ்டிக்கர் அந்த வீட்டில் குப்பை வாங்கினார்களா என்று காட்டும். தூய்மைப் பணியாளர் போனைக் காட்டி ஸ்கேன் செய்தால் கணக்கில் ஏறும். "இன்னிக்கு வண்டி வரவே இல்லை" என்று நாம் சொன்னால், வந்ததா இல்லையா என்று வரைபடத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாக்குவாதம் மிச்சம்.

மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரித்தோமா என்பதை எந்த ஸ்டிக்கரும் பார்க்காது. சோறும் பிளாஸ்டிக்கும் கலந்து போட்டால், உரக்கூடத்தில் ஒருவர் கையால் அதைக் கிளற வேண்டியிருக்கிறது. எருமாபாளையத்தில் மலையாகக் குப்பை குவிந்தது இப்படிக் கலந்து போட்டுத்தான். நாப்கினைத் தனியாகக் காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். அதை எடுக்கிறவரும் ஒரு வீட்டுக்குத் தாய்தான்.

தண்ணி எப்ப வரும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியாதா? வேலைக்கே போக முடியல.

முடியும், முடிய வேண்டும். நமக்குத் தண்ணீர் மேட்டூர்ப் பக்கம் காவிரியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் குழாயில் வருகிறது. ஆறு பள்ளத்தில், சேலம் மேட்டில். ஆகவே தானாக ஓடி வராது, மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும். அங்கே ஒரு மணி நேரம் கரண்டு போனால் இங்கே மேல்நிலைத் தொட்டி நிறைவது தள்ளிப்போகும். அப்புறம் தண்ணீர் திறந்து விடுகிறவர் நீளமான இரும்புச் சாவியோடு சைக்கிளிலோ வண்டியிலோ வந்து, ரோட்டு மூடியைத் தூக்கி வால்வைத் திருப்ப வேண்டும். எங்கள் தெருவில் அந்தச் சாவி திரும்பும் கிரீச் சத்தம் கேட்டதும் குடங்கள் வெளியே வந்துவிடும்.

இதில் தொழில்நுட்பம் செய்யக்கூடியது நிறைய. தொட்டியின் மேலே ஒரு சென்சார் வைத்தால், ஒலியை அனுப்பி நீர்மட்டத்தில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று சொல்லும். தொட்டியிலிருந்து வெளியேறும் குழாயில் அளவி வைத்தால், ஊரே தூங்குகிற ராத்திரி 2 மணிக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று தெரியும். ஓடினால் எங்கோ குழாய் உடைந்திருக்கிறது என்று பொருள். குளோரின் அளவையும் பார்க்கலாம், குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும்.

இவ்வளவு தகவல் மையத்துக்குப் போகும்போது, "நாளை காலை 6 மணிக்கு உங்கள் தெருவுக்குத் தண்ணீர்" என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்புவது பெரிய காரியமா? தறி வேலையையும் கொலுசுப் பட்டறை வேலையையும் விட்டுவிட்டுக் குழாயடியில் காத்திருக்கும் பெண்களின் அரை நாள் கூலி அந்த ஒரு செய்தியில் இருக்கிறது. என்னைக் கேட்டால் கேமரா வைப்பதற்கு முன்பே இதைத்தான் செய்திருக்க வேண்டும்.

மீட்டர் வெச்சா பில்லு ஏறிருமா?

எவ்வளவு செலவழிக்கிறீர்கள், கட்டணத்தை எப்படி வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கட்டணத்தை முடிவு செய்வது மாமன்றம், மீட்டர் அளக்க மட்டுமே செய்யும். உங்கள் வீட்டில் வைத்தால், எல்லாக் குழாயையும் மூடிவிட்டு முள் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் வீட்டுக்குள்ளேயே ஒழுகல் இருக்கிறது.

ஏற்காட்டுல மழை பெஞ்சா கிச்சிப்பாளையத்துல தண்ணி வருது. முன்னாடியே சொல்ல மாட்டாங்களா?

திருமணிமுத்தாறு, ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் பிறந்து நகருக்கு நடுவே ஓடுகிறது. மலையில் கொட்டிய மழை கீழே வந்து சேர நேரம் ஆகும், அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம். மலையில் மழைமானி, ஆற்றில் நீர்மட்டம் பார்க்கும் சென்சார், இரண்டையும் மையத்தோடு இணைத்தால் எச்சரிக்கை கொடுக்க முடியும்.

பிரேசிலில் ரியோ டி ஜெனீரோ நகரம் இதற்கு நல்ல உதாரணம். 2010 ஏப்ரலில் பெருமழையில் மலைச்சரிவுகள் இடிந்து ஏராளமானவர்கள் இறந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் எல்லாத் துறையையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து ஒரு மையம் திறந்தார்கள். அடுத்த ஆண்டிலிருந்து மலைச்சரிவுக் குடியிருப்புகளில் சைரன் வைத்தார்கள். ஆப்போடு நின்றுவிடாமல் சைரன் வைத்ததுதான் என் மனதில் நிற்கிறது. ராத்திரி 2 மணிக்கு யாரும் போனைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நமக்கும் ஆற்றோரத் தெருக்களில் சைரன் வேண்டும், அது ஒலித்தால் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எங்க பார்த்தாலும் கேமரா. எங்களை வேவு பாக்கவா?

திருட்டு, விபத்து, சிக்னல் மீறல் இவற்றுக்கு என்றுதான் வைக்கிறார்கள், பயன்படுவதையும் பார்க்கிறோம். ஆனாலும் உங்கள் கேள்வி சரியான கேள்வி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 2023-ல் வந்தது. ஆனால் அந்தச் சட்டம் அரசு அமைப்புகளுக்கு நிறைய விலக்குக் கொடுக்கிறது.

ஆகவே கேட்க வேண்டியது இவை: படம் எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம், பார்த்தவர் பெயர் பதிவாகிறதா, முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் இணைத்திருக்கிறார்களா. எப்படிக் கேட்பது என்று கீழே செலவுக் கேள்வியில் எழுதியிருக்கிறேன்.

வீடு கட்ட பிளான் அப்ரூவல் உடனே கிடைச்சிருமாமே?

சின்ன வீடுகளுக்கு ஆம். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை. மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் மேலே ஒரு தளமும் வரை என்றால், ஆன்லைனில் விண்ணப்பித்துக் கட்டணம் கட்டியதும் அனுமதி இறங்கிவிடும். பெயரிலேயே இருக்கிறது பாருங்கள், சான்று தருவது நீங்கள். வரைபடத்தில் ஒன்று, கட்டியது ஒன்று என்றால் பொறுப்பும் உங்களுடையது. பத்திரம், பட்டா, மனை அங்கீகாரம் மூன்றும் கையில் இல்லாமல் கடைக்கு வராதீர்கள்.

எங்கம்மாவுக்கு போனே கிடையாது. ஓடிபி யாருக்குப் போகும்?

போன போன இடத்திலெல்லாம் ஓடிபி கேட்கிறார்கள். யாரோ ஒருவர் எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள், வீட்டில் ஒரே எண்ணை எல்லாவற்றுக்கும் கொடுங்கள். அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு பாட்டி வருவார், தறி நெய்தவர். பழைய வரி ரசீதுகளை மஞ்சள் பையில், வருட வாரியாக நூல் கட்டி வைத்திருப்பார். பத்து வருடம் முன்பு அவர் வரிக் கணக்கில் பதிந்த எண், வீட்டைக் காலி செய்துபோன குடித்தனக்காரருடையது. அதை மாற்ற ஒரு மாதம் ஆனது.

போன் இல்லாததால் எந்தச் சேவையையும் மறுக்க முடியாது. வரியைக் கவுன்ட்டரில் கட்டலாம், புகாரைக் காகிதத்தில் எழுதிக் கொடுக்கலாம், ஒப்புகைச் சீட்டு கேட்டு வாங்கலாம். அரசு இ-சேவை மையத்திலும் விண்ணப்பிக்கலாம், அங்கே கட்டணப் பட்டியல் மாட்டியிருப்பார்கள், அதைப் பார்த்துக் கொடுங்கள். "ஆன்லைனில் போட்டுட்டு வாங்க" என்று கவுன்ட்டரில் சொன்னால், "எழுதித்தான் கொண்டுவந்திருக்கேன், வாங்கிக்கங்க" என்று நில்லுங்கள்.

முகத்தைக் காட்டி அட்டெண்டன்ஸ் போடச் சொல்றாங்க. விடிகாலைல முகம் தெரியலன்னு ஆப்சென்ட் போட்டா நாங்க என்ன பண்றது?

கேட்டவர் ஒரு தூய்மைப் பணியாளர். விடியும் முன் இருட்டில், விலை குறைந்த போனில் இந்தக் கோளாறு வருவது உண்மை. கருவி தவறினால் அன்றைக்கே மேற்பார்வையாளரிடம் சொல்லிப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுங்கள், போடும் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். மாதக் கடைசியில் சொன்னால் நிரூபிக்க முடியாது. செய்த வேலைக்கான கூலி பறிபோவது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். இயந்திரம் வராவிட்டாலும் பாதாளச் சாக்கடைக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறங்காதீர்கள். இறக்கிவிடுவது, மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்த 2013 சட்டப்படி குற்றம். வீட்டுக்காரர்களும் தெரிந்துகொள்ளுங்கள்: டேங்க் சுத்தம் செய்ய 14420-க்கு அழைக்கலாம்.

இதுக்கெல்லாம் எவ்வளவு செலவாச்சு, வேலை செய்யுதான்னு யாரைக் கேக்கறது?

இரண்டு வழி. தகவல் உரிமைச் சட்டம் 2005-ன்படி 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள், 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். "ஸ்மார்ட் சிட்டி பற்றி எல்லாம் சொல்லவும்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "எங்கள் வார்டில் எத்தனை தண்ணீர்ச் சென்சார் வைத்தீர்கள், கடந்த மாதம் எத்தனை வேலை செய்தது, பராமரிப்பு ஒப்பந்தம் என்றைக்கு முடிகிறது" என்று எண்ணிக்கையும் தேதியும் கேளுங்கள். கேமரா கேள்விகளையும் இப்படியே கேட்கலாம். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தில் மேல்முறையீடு, அப்புறம் மாநிலத் தகவல் ஆணையம்.

கவுன்சிலர்கிட்டச் சொன்னா போதாதுங்களா? இத்தனையும் நாங்களே பண்ணணுமா?

கவுன்சிலரிடமும் சொல்லுங்கள். இரண்டாவது வழி அதுதான். வார்டைப் பகுதிகளாகப் பிரித்துப் பகுதி சபா கூட்டுகிறார்கள், தமிழ்நாட்டில் 2022 நவம்பர் 1-ல் முதல் முறை கூடியது. தலைமை உங்கள் கவுன்சிலர். அங்கே "லைட் எரியல" என்று பொதுவாகச் சொன்னால் "பார்க்கிறோம்" என்பார்கள். "இந்தக் கம்ப எண், இந்தத் தேதியில் புகார், இந்தத் தேதியில் முடிந்ததாகச் செய்தி, இன்றைக்கும் எரியவில்லை" என்று சொன்னால் தீர்மானத்தில் எழுத வேண்டி வரும்.

இதற்காகவே கடையில் ஒரு நீள நோட்டுப் போட்டிருக்கிறேன். தெரு, கம்ப எண், புகார் எண், போட்ட தேதி, உண்மையில் முடிந்த தேதி என்று ஐந்து கட்டம். பெயர் எழுத வேண்டாம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் வரிகளில் சிவப்புக் கோடு போட்டு வைக்கிறேன். பகுதி சபாவுக்குப் போகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம் வந்து உங்கள் தெருப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள், அதற்குக் காசு வேண்டாம்.